பாடத்திட்டத்தில் இல்லாத பிடி

ஜனவரி 5, திங்கள்

மாலை ஸ்டாஃப் மீட்டிங். ஹெச்.எம். வசுந்தரா மேடம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். இந்த வருஷம் குடியரசு தினமும் ஆண்டுவிழாவும் ஒன்றாக. கொடியேற்றம், மாணவர்களுக்குப் பரிசு, அதன் பிறகு ஊரிலுள்ள முன்னாள் ராணுவத்தினருக்குப் பாராட்டு. வேப்பங்கொத்தூரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போனவர், பாராட்ட ஆளுக்குப் பஞ்சமில்லை. பட்டியல் எடுப்பது, சால்வை வாங்குவது, நாற்காலி போடுவது மூன்றும் என் தலையில்.

நாற்பத்திரண்டு பேர் தேறினார்கள். நாற்பத்து மூன்றாவதாக என் பெயரை எழுதி நீட்டினேன். "குணவதி மேடம், நீங்க சி.ஆர்.பி.எஃப்.தானே? அது போலீஸ் கணக்குல வரும். இது மிலிட்டரிக்கு மட்டும்" என்று சிரித்துக்கொண்டே என் பெயரை அடித்தார். இருபது வருஷம் மகளிர் பட்டாலியனில் இருந்தேன். சத்தீஸ்கர் காட்டில் என் தொடையில் ஏறிய இரும்புத் துண்டு, நீ போலீஸா மிலிட்டரியா என்று விசாரித்துவிட்டு ஏறவில்லை. இதை அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வந்து இங்கே எழுதுகிறேன்.

பரிசுகளில் முக்கியமானவை இரண்டு. பன்னிரண்டாம் வகுப்பு லோகேஸ்வரன், எண்ணூறு மீட்டரில் மாநிலத்தில் இரண்டாமிடம். பி.டி. சார் எட்வின் மூன்று வருஷமாகப் பிரம்பும் விசிலுமாகத் துரத்தித் துரத்தி உருவாக்கிய பிள்ளை. அவன் அப்பா சுபேதார் பலராமன்தான் என் பட்டியலில் முதல் பெயர். இன்னொன்று என்னுடையது. பதினொன்றாம் வகுப்புப் பெண்கள் முப்பது பேர், தற்காப்புப் பயிற்சியில் மாவட்டத்தில் முதலிடம். இங்கே பயிற்சியாளராகச் சேர்ந்து ஒன்றரை வருஷத்தில் இது. அந்தப் பெருமையை மட்டும் யாரும் அடிக்க முடியாது.

ஜனவரி 6

பயிற்சி வகுப்பு. புத்தகத்தில் இருப்பது குத்து, உதை, கத்தல். ஜூனில் சப்பாத்தி மாவு பிசைவது போலக் குத்தியவர்கள், இன்று மூட்டையைக் குத்தினால் தையல் பிரிகிறது. நிரோஷாதான் கேப்டன். ஒல்லிக்குச்சி, ஆனால் பிடித்தால் விடமாட்டாள். இன்று குத்தவே வரவில்லை. கையை இழுத்துப் பார்த்தேன். மணிக்கட்டைச் சுற்றி நீலமாகக் கன்றியிருந்தது.

"யாருடி?"

"லோகேஷ் அண்ணா, மிஸ். டெய்லி சைக்கிள் ஸ்டாண்டுல மறிச்சிகினு நிக்குது. பேசு பேசுன்னுது. பேசலன்னா கைய முறுக்குது."

"வீட்ல சொன்னியா?"

"சொன்னா படிப்ப நிறுத்திடுவாங்க மிஸ்."

உண்மைதான். இதற்கென்று ஒரு புகார்ப் படிவம் ஹெச்.எம். அறை பீரோவில் இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்தால் மேடம் சுபேதாரைக் கூப்பிடுவார். அவர், விளையாட்டுக்குச் செய்திருப்பான் என்பார். நிரோஷா அடுத்த திங்கட்கிழமை ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறியிருப்பாள். இப்படிப் போன இரண்டு பெண்களை எனக்குத் தெரியும். படிவம் எழுதவில்லை.

வகுப்பு முடிந்ததும் அவளை மட்டும் நிறுத்தி, பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றைத் தொடங்கினேன். பின்னாலிருந்து கழுத்தைப் பூட்டும் பிடி. பட்டாலியனில் எங்களுக்கு ஆறாவது மாதம்தான் சொல்லித் தருவார்கள். அவளுக்கு நான்கு நாள் போதும் என்று தோன்றியது.

ஜனவரி 9

நிரோஷாவுக்குப் பிடி வந்துவிட்டது. இன்று என் கண்ணையே ஒரு கணம் இருட்டாக்கினாள். அவள் கையில் இரண்டு முறை தட்டினேன், விட்டாள். "ஒருதடவ போட்டு வுடு, அப்பறம் அந்தப் பக்கமே வரமாட்டான்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சால்வைக் கடைக்காரன் நாற்பத்திரண்டில் ஆறு சாயம் போகும் ரகம் என்று ஒப்புக்கொண்டு மாற்றித் தந்தான்.

ஜனவரி 12, திங்கள்

லோகேஸ்வரன் இறந்துவிட்டான்.

மதியம் பிராக்டிஸுக்கு லேட்டாக வந்தான் என்று எட்வின் சார் கெண்டைக்காலில் நாலு பிரம்படி கொடுத்து, வெயிலில் பன்னிரண்டு ரவுண்டு ஓடவிட்டார். மைதானமே பார்த்தது. நாலரைக்குப் பள்ளி விட்டது. ஐந்தே காலுக்கு வாட்ச்மேன் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து கத்தினார். ஓடினேன். சிமெண்டுத் தூணோரம் ஒருக்களித்துக் கிடந்தான். நெஞ்சை அழுத்தினேன், வாயில் ஊதினேன். விலா எலும்பு ஒன்று என் கைக்கடியில் முறிந்தது. நிறுத்தவில்லை. எட்வின் சார் பக்கத்தில் மண்டியிட்டு, "டேய் எழுந்திர்றா, டேய் எழுந்திர்றா" என்று அவன் கன்னத்தில் அறைந்துகொண்டே இருந்தார்.

வீடு பள்ளிக்கு எதிர்த்தெரு. அவன் அம்மா கஸ்தூரி தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் போனாள். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இறந்து நேரமாகிவிட்டது என்றார்கள்.

கண்ணிமையைத் திறந்து பார்த்தபோது வெள்ளையில் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. ஓடிக் களைத்தவன் கண்ணில் அது வராது. இதைப் பற்றி இதற்குமேல் எழுத வேண்டாம்.

ஜனவரி 13

காலை எட்டரைக்கே கேட்டை உடைத்துவிட்டார்கள். சொந்தக்காரர்கள், ஊர்க்காரர்கள், அறுபது எழுபது பேர். கையில் உருட்டுக்கட்டை. முதலில் ஆபீஸ் கண்ணாடி போயிற்று. பிறகு எட்வின் சாரை லேபிலிருந்து இழுத்து வந்தார்கள். அவர் ஓடவும் இல்லை, கையைத் தூக்கித் தடுக்கவும் இல்லை. முதல் அடியில் விழுந்தார். வலது கை முறிந்த சத்தம் படிக்கட்டு வரை கேட்டது. வாயிலிருந்து பல் தெறித்தது. ஒருவன் அவர் விசில் கயிற்றைக் கழுத்தில் இறுக்கி, "ஓடுறா, பன்னெண்டு ரவுண்டு ஓடுறா" என்று தரையில் இழுத்தான்.

கூட்டத்துக்குள் புகுந்து அவர்மேல் விழுந்து படுத்துக்கொண்டேன். என் முதுகில் நாலைந்து அடி. ஒருவன் முழங்காலை உதைத்துச் சாய்த்தேன், இன்னொருவன் மூக்கில் முழங்கையால் இடித்தேன். ரத்தம் என் சட்டையெல்லாம். சுபேதார் பலராமன் யாரையும் அடிக்கவில்லை. எட்வின் சாரின் பிரம்பை எடுத்து, சின்னச் சின்னத் துண்டாக ஒடித்துக்கொண்டே நின்றார். போலீஸ் வந்து எட்வின் சாரைத் தூக்கிப் போனது, கைதும் செய்தது.

எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நல்லவேளை நீங்க இருந்தீங்க மேடம் என்றார் ஹெச்.எம். நிரோஷா இன்று பள்ளிக்கு வரவில்லை. முப்பது பேரில் நான் தேடியது அவளை மட்டும்தான்.

ஜனவரி 15

பொங்கல். ஊரில் யாரும் பானை வைக்கவில்லை.

ஜனவரி 17

மத்தியானம் நிரோஷா என் வீட்டுக்கு வந்தாள். தலை வாரவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு அப்படியே சாய்ந்து நின்றாள்.

"மிஸ், எட்வின் சார் இல்ல. நான்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அன்னிக்கி ஓடிட்டு வந்து மூச்சு வாங்கிகினு இருந்தான் மிஸ். சைக்கிள் சாவியப் புடுங்கிட்டான். பேசினாத்தான் குடுப்பேன்னு திரும்பி நின்னான். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே போட்டேன். கரெக்டா வுழுந்துச்சு."

"எப்ப விட்ட?"

"வுடல மிஸ். தட்டுவான், அப்ப வுடலாம்னு பாத்துகினே இருந்தேன். தட்டவே இல்ல. என் கையப் பிராண்டுனான். கால உதைச்சான். தட்டல. அப்பறம் துவண்டுட்டான், நடிக்கிறான்னு நெனச்சேன். இப்ப தட்டுவான் இப்ப தட்டுவான்னு..."

முழங்கையைத் தூக்கிக் காட்டினாள். நகக்கீறல்கள் கறுத்திருந்தன.

இருபது வருஷமாக எனக்கு அது மூச்சு விடுவது போன்ற பழக்கம். பிடிக்குள் இருப்பவன் இரண்டு முறை தட்டினால் உடனே விட வேண்டும். பட்டாலியனில் சமையல்காரனுக்குக்கூடத் தெரியும். அதை அவளிடம் சொன்னேன். தெருவில் மறிக்கிறவனுக்குத் தெரியாது என்று என் மண்டையில் உறைக்கவே இல்லை. பிடியைக் கற்றுக்கொண்டவள் விடுவதற்கு ஒரு சைகையை எதிர்பார்த்து நின்றாள். அந்தச் சைகை அவனுக்குத் தெரியாது. பேச முடியாமல் செத்திருக்கிறான்.

"ஹெச்.எம்.கிட்ட சொல்லப் போறேன் மிஸ்" என்றாள்.

அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. வாயைப் பொத்தி, "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு" என்று சுவரோடு சேர்த்துப் பிடித்தேன். தலையாட்டினாள். முகம் கழுவிவிட்டு, முழுக்கைச் சட்டை ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன். அவளுக்காகத்தான் செய்தேன் என்று எழுத வந்தேன். எழுத முடியவில்லை.

ஜனவரி 19

பள்ளி திறந்தது. விழா ரத்தாகும் என்று நினைத்தேன். சுபேதாரே ஹெச்.எம்.முக்குப் போன் செய்து, "நடத்துங்க. எம்புள்ள பரிசு வாங்க வேண்டிய மேடை" என்றாராம். பரிசுகளை அவர் கையாலேயே கொடுக்க ஏற்பாடு. நிகழ்ச்சி நிரல் மாறிவிட்டது: பரிசளிப்பு, ஒரு நிமிட மௌனம், சால்வை.

பிரேதப் பரிசோதனையில் பிரம்புத் தடம் தவிர வெளிக்காயம் இல்லை, கண்ணிலிருந்த புள்ளிகளைப் பற்றிப் பேச்சே இல்லை, உள்ளுறுப்பு ரிப்போர்ட் வர மூன்று வாரமாகும் என்கிறார்கள். முழங்கையின் உட்புறம் தோலில் தடம் விடாது. அந்தப் பிடியின் சிறப்பே அது என்று நானே வகுப்பெடுத்திருக்கிறேன்.

எட்வின் சாரின் மனைவி பிரிசில்லா கேட்டுக்கு வெளியே நின்று எல்லோர் காலிலும் விழுந்துகொண்டிருந்தார். யாரோ கல்லெறிந்தார்கள். நெற்றியில் பட்டது. கட்டுப்போட்டு நானே பஸ் ஏற்றிவிட்டேன். "நீங்க தெய்வம் மேடம்" என்றார்.

ஜனவரி 22

அரசு ஆஸ்பத்திரியில் கைதிகள் வார்டு. எட்வின் சாரின் இடது கையை விலங்கு போட்டுக் கட்டிலோடு பூட்டியிருந்தார்கள். வலது கையில் மாவுக்கட்டு. ஆரஞ்சு உரித்து ஊட்டினேன். மெல்லப் பல் இல்லை, சுளையை உறிஞ்சினார்.

"நான்தான் கொன்னுட்டேன் மேடம். பத்தோட நிறுத்தியிருக்கலாம். ஸ்டேட் ஃபர்ஸ்ட் வரணும்னு பன்னெண்டாக்குனேன். ஜெயில்ல போட்டாலும் போதாது. பிரிசில்லாகிட்ட சொல்லுங்க, ஜாமீனுக்கெல்லாம் அலைய வேணாம்னு."

சொல்லிவிட வாயைத் திறந்தேன். அடுத்த சுளையை உரித்தேன்.

வெளியே வரும்போது வார்டு போலீஸ்காரன், ராத்திரியில் அவர் பேண்டேஜ் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டதாகவும், பார்த்துப் பிடுங்கியதாகவும் சொன்னான். என் தவறுக்கு இன்னொரு ஆள் சாகப் பார்க்கிறான். எனக்கு என்மேல் வந்த அருவருப்பை வேறு யார்மேலும் இதுவரை உணர்ந்ததில்லை.

ஜனவரி 25

நாற்காலி வந்துவிட்டது. ஷாமியானா கட்டியாகிவிட்டது. லோகேஸ்வரன் படத்துக்குச் சம்பங்கி மாலை சொல்லியாகிவிட்டது.

நாளை மேடையில் சொல்லப் போகிறேன். சொல்லிக்கொடுத்தது நான் என்று மட்டும். பெயர் சொல்லமாட்டேன். அடித்தாலும் சொல்லமாட்டேன். அதிலிருந்து என்னைப் பெயர்க்க யாராலும் முடியாது.

ஜனவரி 27

நேற்றையதை இன்றுதான் எழுத முடிகிறது. இடது கண் மூடியிருக்கிறது, எழுத்து கோணல்.

கொடி ஏறியது. நாற்பத்திரண்டு பேரும் மெடல்களோடு முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் கஸ்தூரி, மடியில் கையை மலர்த்தி வைத்தபடி. சுபேதார் பலராமன் எழுந்து மேடையேறிப் பரிசு கொடுத்தார். கணக்கில் நூறு வாங்கியவனுக்கு, ஓவியத்துக்கு, கோலப்போட்டிக்கு. ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்தார். கடைசியாக என் முப்பது பெண்கள் மேடையேறி வரிசையில் நின்றார்கள். கேப்டன் நிரோஷா முன்னால் வந்தாள். மெடலை அவள் கழுத்தில் போட்டுவிட்டு, மைக்கில் கேட்கும்படியே சொன்னார்:

"நல்லா அடிங்கம்மா. எவன் கைய வெச்சாலும் வுடாதீங்க."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நிரோஷா நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டாள். பக்கத்துப் பெண் அவளை வரிசைக்குள் இழுத்துக்கொண்டாள். ஒரு நிமிட மௌனம் முடிந்ததும், சால்வைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வர வேண்டிய நான், மைக்கைப் பிடித்தேன்.

"எட்வின் சார் லோகேஷைக் கொல்லல. கழுத்துப் பூட்டுல செத்தான். அந்தப் பூட்டைச் சொல்லிக்கொடுத்தது நான். தட்டினா விடுன்னு சொன்னேன். தட்டணும்னு அவனுக்கு யாரும் சொல்லல."

பந்தலில் ஒருவருக்கும் புரியவில்லை. ஹெச்.எம். மைக்கைப் பிடுங்க வந்தார். முன்வரிசை மெடல்காரர்களுக்கு மட்டும் முகம் மாறியது. சுபேதாருக்கு முதலில் புரிந்தது.

"தட்னானா?" என்றார்.

"அவனுக்குத் தெரியாது சார்."

"யாருக்குச் சொல்லிக்குடுத்த?"

வாயை மூடிக்கொண்டேன். முதல் குத்து கண்ணில் விழுந்தது. இரண்டாவது தாடையில். கையைத் தூக்கித் தடுப்பது எனக்கு ஒரு விஷயமே இல்லை. தூக்கவில்லை. நாற்காலியால் அடித்தார். விழுந்தேன். வயிற்றில் மிதித்துக்கொண்டே, "யாருக்கு? யாருக்குடி?" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். என்னைக் கொன்றாலும் பெயர் வராது என்று அந்த நேரத்தில்கூட ஒரு நிம்மதி இருந்தது.

என் பெண்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. இருபத்தொன்பது பேரும் திரும்பி நிரோஷாவைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

சுபேதாரும் பார்த்தார்.

மூன்றே எட்டில் அவளிடம் போய்விட்டார். தன் கையால் போட்ட மெடலின் ரிப்பனைப் பிடித்து முறுக்கினார். அவள் குதிகால் தரையை விட்டு எழும்பியது. கண் பிதுங்கியது. முன்வரிசையில் நாற்பத்தொரு சிப்பாய்கள், ஒருவர்கூட எழவில்லை. நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. பின்னாலிருந்து அவர் கழுத்தில் அதே பிடியைப் போட்டேன். ரிப்பனை விட்டார். நான் விடவில்லை. எல்லாவற்றுக்கும் அவர்தான் காரணம் போல இறுக்கினேன். அந்த நொடியில் அவரைக் கொல்ல எனக்கு ஆசையாகவே இருந்தது.

என் முழங்கையில் இரண்டு முறை தட்டினார்.

விட்டேன்.

மேடையிலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். இருமினார். தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பதினேழு வருசம் ரெக்ரூட்டுங்களுக்கு இதத்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றார். "ஊட்ல சொல்லல. அவனுக்கு நான் சொல்லிக்குடுக்கல."

அதற்குள் கூட்டத்துக்கும் புரிந்துவிட்டது. நாற்காலிகள் பறந்தன. நிரோஷாவை மேடைக்கடியில் தள்ளி, அவள்மேல் நான் படுத்துக்கொண்டேன். போலீஸ் தடியடி நடத்தி எங்கள் இரண்டு பேரையும் வேனில் ஏற்றியது.

ஜனவரி 28

காவல் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வாக்குமூலம் கொடுத்தாயிற்று. என் கைப்பையில் கிடந்த இந்த டைரியையும் கேட்டிருக்கிறார்கள். சாயங்காலம் கொடுத்துவிடுவேன், கிழிக்காமல்.

எட்வின் சாரின் விலங்கைக் கழற்றிவிட்டார்களாம். நான் சொல்லியனுப்பிய மன்னிப்புக்குப் பதில் வரவில்லை. வர வேண்டியதும் இல்லை. நிரோஷாவைக் காலையில் சிறார் கூர்நோக்கு இல்லத்துக்கு அழைத்துப்போனார்கள். மறித்தான், முறுக்கினான் என்பதெல்லாம் வழக்கில் உதவும் என்றார் இன்ஸ்பெக்டர். அன்று நான் படிவம் எழுதியிருந்தால் இன்னும் உதவியிருக்கும் என்றும் சொன்னார். வேனில் ஏறும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பதினோரு மணிக்குக் கஸ்தூரி வந்தாள். தனியாக. காவலர்கள் தடுக்கப் பார்த்தார்கள், இன்ஸ்பெக்டர் விடச் சொன்னார். என் எதிரில் நின்றாள்.

"வலிச்சிருக்குமா?"

"இல்லம்மா. தூங்குற மாதிரி போயிருப்பான்."

ஓங்கி அறைந்தாள். அடிபட்ட கண்ணிலேயே விழுந்தது.

"பொய் சொல்லாத. ஆட்டோல எம்மடியிலதான் கெடந்தான். எம்பொடவையெல்லாம் மூத்திர ஈரம். சும்மாவா பூடும்? சொல்லு."

"வலிச்சிருக்கும்" என்றேன். "நினைவு போற வரைக்கும். அப்புறம் தெரியாது."

"எவ்ளோ நேரம்?"

"பதினஞ்சு செகண்டு."

சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிமிர்ந்து பார்த்து, முள்ளோடு சேர்ந்து எண்ணத் தொடங்கினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஸ்டேஷன் ரைட்டர் பேனாவை வைத்துவிட்டார். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றில் நின்றுவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி ஒண்ணுலிருந்து தொடங்கினாள்.